அடுப்பு உங்கள் கையில், கையெழுத்து யார் கையில்?

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவே ஒரு கிராமத்திலிருந்து, வக்கீலான எனக்கு ஏழு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

அவருக்கு 41 வயது. பிறந்த வீடு ஆரியங்காவுப் பக்கம், வாக்கப்பட்டது மலைக்கு இந்தப் பக்கம். கணவரின் வண்டித் தொழில் நொடித்துப்போன வருஷம், வீட்டுப் பின்கட்டில் ஒரு விறகடுப்பும் ஒரு இரும்புச் சட்டியும் இரண்டு தார் ஏத்தங்காயுமாகச் சிப்ஸ் போட ஆரம்பித்தார். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இன்று தகரக் கொட்டகை, சீவுகிற மிஷின், 14 பேர் வேலைக்கு. அதில் 12 பேர் பெண்கள். குற்றாலம் சீசன் கடைகளுக்கும், தென்மலை, புனலூர், கொட்டாரக்கரைக் கடைகளுக்கும் நேந்திரங்காய் சிப்ஸும் சர்க்கரை உப்பேரியும் போகின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 36 லட்சம் ரூபாய் விற்பனை.

காலை நாலு மணிக்கு எழுகிறார். தார் இறக்குவது, சட்டிப் பதம் பார்ப்பது, கூலி, பாக்கி வசூல், மாமியாரின் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி, பிளஸ் டூ படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன் எல்லாம் இவர் தலையில். ஆனால் உத்யம் என்கிற சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கியின் நடப்புக் கணக்கு மூன்றும் கணவர் பெயரில் உள்ளன. "பொம்பளை பேருக்கு லோன் தரமாட்டான்" என்று அன்று பெரியவர்கள் சொன்னார்களாம். இரண்டு வருஷத்துக்கு முன் மிஷினுக்காக வாங்கிய 6 லட்சம் கடனில் கணவர் கடன்தாரர், இவர் ஜாமீன்தாரர். இவருடைய நகையும் வங்கியில் இருக்கிறது.

இப்போது வளைகுடாவிலிருந்து கொழுந்தன் 8 லட்சத்தோடு திரும்பி வந்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் கூட்டு ஒப்பந்தம் எழுதிக்கொள்வதாகப் பேச்சு. "மைனி, நீங்க அடுப்படியை மட்டும் பாத்துக்கிடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்" என்கிறார். இவருக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வேண்டுமாம். தார் வியாபாரிக்கு உத்தரவாதமாக இவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து தொகை எழுதாத மூன்று காசோலைகளும் கேட்கிறார்கள். வேலைக்கு வரும் ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பம். "இப்பவே நிறுத்திருங்க" என்கிறார் கொழுந்தன். புனலூர்க் கடை ஒன்று ஏழு மாதமாக 2,60,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. இதற்கிடையே மகள் ஒரு ராத்திரி, "அம்மா, உன் மேல எப்பவும் எண்ணெய் வாசம்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"தொழிலையும் குடும்பத்தையும் சமமாகக் கொண்டுபோக எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடலாமா? இதைப் பிடித்துக்கொண்டிருக்க நினைக்கும் நான் பேராசைக்காரியா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

இல்லை, நீங்கள் பேராசைக்காரி இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க நீங்கள் கேட்டிருப்பது இந்த ஒன்றைத்தான்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போட்டு, உழைப்பு யாருடையது, பெயர் யாருடையது, கடன் பொறுப்பு யாருடையது என்று எழுதிப் பார்த்தேன். உழைப்பு உங்களுடையது. பெயர் கணவருடையது. கடன் பொறுப்பில் மறுபடியும் நீங்கள். உங்கள் களைப்புக்கு நேரப் பற்றாக்குறை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம், முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் முடிவின் சுமையை மட்டும் ஒன்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டிருப்பது. இப்போது வந்திருக்கும் யோசனையையும் அதே தாளில் வைத்துப் பாருங்கள். அடுப்படி உங்களிடமே இருக்கும், அதனால் நாலு மணிக்கு எழுவதும் இருக்கும். ஜாமீனும் இருக்கும். சாவியும் காசோலைப் புத்தகமும்தான் கைமாறும். ஓய்வு தருகிறோம் என்று சொல்லி உங்கள் வேலையில் ஒரு மணி நேரத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிரானது. வேலையைப் பிரித்துக் கொடுங்கள், கையெழுத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், கடிதத்தில் நீங்கள் உறுதியாக நம்பி எழுதியிருக்கும் சில விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

"எப்படியும் பாதி எனக்குத்தானே"

மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள். பல பெண்கள் இப்படித்தான் நம்புகிறார்கள். கணவர் உயிரோடு இருக்கும்போது அவர் பெயரில் உள்ள தொழிலிலோ சொத்திலோ மனைவி என்பதற்காக மட்டும் பாதி தானாக வந்துவிடாது. நம் நாட்டுச் சட்டம் அப்படி இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்வதில் பங்குதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. எனக்கு மிகவும் நிறைவு தந்த தீர்ப்பு அது. ஆனால் அது நீதிமன்றப் படி ஏறி, சாட்சி வைத்து, பல காலம் காத்திருந்து வாங்கும் உரிமை. ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதி இன்றே வாங்கக்கூடியதற்கு அந்த வழி எதற்கு?

அண்ணன் தம்பி இருவர் பெயரில் மட்டும் கூட்டு ஒப்பந்தம் எழுதப்பட்டால், இந்தத் தொழிலின் எந்தக் காகிதத்திலும் நீங்கள் இருக்கமாட்டீர்கள், வங்கியின் ஜாமீன் பத்திரத்தைத் தவிர.

நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பிறந்த வீட்டார் போட்ட நகை உங்களுடையது. சீதனம் பெண்ணின் முழுச் சொத்து, கணவர் வீட்டார் வெறும் பாதுகாவலர்களே என்பதை உச்ச நீதிமன்றம் 1985லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. தொழில் கணக்கில் அதை "வீட்டு நகை" என்று எழுதாமல் உங்கள் பெயரில், எடையோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஜாமீனும் வெற்றுக் காசோலையும்

"ஜாமீன் என்பது பேருக்குப் போடும் கையெழுத்துதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் கணவரிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது.

இந்த இடத்தில் அந்த ஆட்சேபணை இல்லாத் தாளைக் கவனியுங்கள். கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் மாற்றினால், அதற்குப் பிறகு நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது அதே சட்டத்தின் 133ஆம் பிரிவு. தனி நபர் தொழில் கூட்டு நிறுவனமாக மாறி, கடனும் புது நிறுவனத்துக்கு மாற்றி எழுதப்படும்போது, "எனக்குச் சம்மதம்" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாள் உங்கள் ஜாமீனைப் புது நிறுவனத்தின் மேலும் நீட்டிவிடக் கூடும். உங்கள் கொழுந்தன் இதை யோசித்துக் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. யாரோ எழுதிக் கொடுத்த மாதிரிப் படிவமாக இருக்கலாம். சில வங்கிப் படிவங்களில் இந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் வரியும் இருக்கும். ஆகவே ஜாமீன் பத்திரத்தின் நகலை வங்கியில் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

காசோலை விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது: கொடுக்காதீர்கள். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலையாக இருந்தாலும், மனமுவந்து கொடுத்திருந்தால் அது கடனுக்காகக் கொடுத்ததாகவே கருதப்படும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பு. அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் மேல் விழும். காசோலை திரும்பினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். தென்காசி நீதிமன்றத்தில் இந்த வழக்குகளுக்காக முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். கடன் வாங்கியது அவர்களாக இருக்காது. தார் வியாபாரிக்கு உத்தரவாதம் வேண்டுமென்றால், தொழிலின் நடப்புக் கணக்கிலிருந்து தேதியும் தொகையும் எழுதிய காசோலையைக் கொடுக்கட்டும்.

கொழுந்தனின் பணத்தை என்ன செய்வது

8 லட்சம் நிஜமான பணம், அவருடைய ஆசையும் நிஜம். பாலைவனத்தில் உழைத்துச் சேர்த்ததை ஊரில் ஒரு தொழிலில் போட்டு நிமிர வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. அவரை வெளியே தள்ளாமல் இதைத் தீர்க்க முடியும் என்றே நினைக்கிறேன்.

முழுவதையும் விட்டுவிட்டு வெளியே வருவது ஒரு வழி. வருவதானால் வெறும் கையோடு வரக் கூடாது. ஜாமீனிலிருந்து உங்களை விடுவித்ததாக வங்கியின் எழுத்து, நகை, ஒன்பது வருஷ உழைப்புக்கு ஒரு தொகை மூன்றும் கையில் வந்த பிறகே அடுப்படியை விட்டு இறங்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், உங்களுக்கு இதை விட மனமில்லை. சட்டிச் சத்தம் அடங்குவதைக் கேட்டே பதம் சொல்லிவிடுவேன் என்று எழுதிய இடத்தில் உங்கள் எழுத்தே நிமிர்ந்துவிட்டது.

உங்கள் பெயரில் புதிதாகத் தனி நபர் தொழிலாகப் பதிந்துகொள்வது இன்னொரு வழி. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். பெண் பெயரில் கடன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொன்னது அன்றைக்கும் சரியில்லை, இன்றைக்கும் சரியில்லை. சிறு தொழில் கடனுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெடுநாள் உத்தரவு. ஆனால் இந்த வழியில் பழைய கடனை அடைக்க வேண்டும், உணவு உரிமம் புதிதாக எடுக்க வேண்டும், கடைக்காரர்களுக்குப் பெயர் மாற்றம் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் மனக்கசப்பும் வரும்.

நான் சாய்வது மூன்றாவது வழிக்கு. நீங்களும் கணவரும் பங்காளிகளாக ஒரு கூட்டு நிறுவனம்; நிர்வாகப் பங்குதாரர் நீங்கள். கொழுந்தனின் பணம் முதல் ஒரு வருஷத்துக்குக் கடனாக வரட்டும். வட்டி, தவணை எழுதிய பத்திரத்தோடு, வங்கிக் கணக்கு வழியாக. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த ஒரு வருஷம் அவர் மலைக்கு அந்தப் பக்கத்து விற்பனையைச் சம்பளத்துக்குப் பார்க்கட்டும். சேர்ந்து வேலை செய்ய முடிகிறது என்று இருவருக்கும் தெரிந்த பிறகு மூன்றாவது பங்காளியாகச் சேர்க்கலாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி விட்டுப்போகக் கூடாது. 1932ஆம் ஆண்டு கூட்டு வணிகச் சட்டப்படி, எழுதி வைக்காவிட்டால் பங்காளிகள் எல்லோருக்கும் லாபம் சமம். வேலை பார்க்கும் பங்காளிக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. நாலு மணிக்கு எழுகிறவருக்கும் பத்து மணிக்கு வருகிறவருக்கும் ஒரே பங்கு. அதனால் உங்கள் மாதச் சம்பளம் எவ்வளவு என்று தொகையோடு எழுதுங்கள். காசோலையில் உங்கள் கையெழுத்து இல்லாமல் பணம் போகக் கூடாது என்பதையும் எழுதுங்கள். எழுதியதை நிறுவனப் பதிவாளரிடம் கட்டாயம் பதிவு செய்யுங்கள். பதியாத கூட்டு நிறுவனம், பாக்கிக்காரர் மேல் வழக்குப் போட முடியாமல் நிற்கும். ஒரு அபாயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் தன் சொந்தச் சொத்துவரை பொறுப்பு. நீங்கள் ஏற்கனவே ஜாமீன்தாரராக அந்தப் பொறுப்பில்தான் இருக்கிறீர்கள். இனி அதோடு உரிமையும் இருக்கும்.

கணவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டகையில் வைத்துப் பேசாதீர்கள், ஆட்கள் முன்னால் பேசாதீர்கள். அவர் தொழில் நொடித்தபோது இந்த அடுப்புதான் குடும்பத்தைத் தாங்கியது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் அவருக்கு வலி என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதுபோல் அவர் கல்லாவிலிருந்து சொல்லாமல் பணம் எடுப்பதும், கணக்குக் கேட்டால் கோபப்படுவதும் அந்த வலியின் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதற்காக அதைப் பொறுத்துக்கொண்டே போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மனைவிக்குச் சேர வேண்டிய பணத்தையும் சீதனத்தையும் தடுப்பதைப் பொருளாதார வன்கொடுமை என்றே 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வரையறுக்கிறது. உங்கள் வீடு அந்த நிலைக்குப் போய்விட்டதாக நான் நினைக்கவில்லை, ஆனால் அந்தச் சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைக்கு, "இரண்டு பேர் பெயரும் இருந்தால் பிள்ளைகளுக்கு நல்லது, நீங்கள் ஊருக்குப் போனாலும் ஒரு கையெழுத்து இங்கே இருக்கும்" என்று தொடங்குங்கள். இருவருக்கும் மாதச் சம்பளம் வைத்து, கல்லாவை அன்றன்றே வங்கியில் கட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தால், அந்தச் சண்டைக்கு இடமே குறைந்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் போகும் சரக்கு

இதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்குப் பெரிய கவலை தருவது இது. "விற்பனை 40 லட்சத்துக்குள் என்பதால் ஜிஎஸ்டி எடுக்கவில்லை." அந்த 40 லட்சம் வரம்பு மாநிலத்துக்குள் பொருள் விற்பவர்களுக்கு. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்திலும் மாநிலம் தாண்டி விற்பவர் சேர முடியாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். நமக்குப் புனலூர் இன்னும் அடுத்த ஊர்தான், பெண் கொடுக்கிறோம், எடுக்கிறோம். ஆனால் வரிச் சட்டத்துக்குப் புளியரையோடு மாநிலம் முடிந்துவிடுகிறது. அடுத்த லோடு ஏறுவதற்குள் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். பழைய விற்பனைக்கு என்ன கட்ட வேண்டிவரும் என்று அவரிடம் மறைக்காமல் கணக்குக் கேளுங்கள். நீங்களாகப் போய்ப் பதிவதற்கும் அதிகாரிகள் கண்டுபிடிப்பதற்கும் அபராதத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

புனலூர்ப் பாக்கிக்கும் இது முக்கியம். வேறு மாநிலம், ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள், முடியும். 2006ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் சரக்கை ஏற்ற 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், விற்றவர் இருக்கும் ஊருக்கு உரிய தீர்வுக் கவுன்சிலிலேயே மனுப் போடலாம். நீங்கள் கொல்லம் வரை அலைய வேண்டியதில்லை. மனுவை இணையத்திலேயே போட, மாவட்டத் தொழில் மையத்தில் உதவுவார்கள். ஆனால் அந்த மனுவோடு வைக்கும் பில்தான், பதிவில்லாமல் மாநிலம் தாண்டி விற்றதற்கும் சாட்சி. அதனால் வரிப் பதிவு முதலில், மனு பிறகு. உத்யம் பதிவு கணவர் பெயரில் இருப்பதால் மனுவில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். ஏழு மாதமாக நீங்கள் போன் போட்டுக் கேட்ட பாக்கிக்கு, சட்டத்தின் முன்னால் கேட்கும் ஆள் நீங்கள் இல்லை.

ஐந்து மாதக் கர்ப்பிணி

நிறுத்தக் கூடாது. சின்னத் தொழிலுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது என்று கொழுந்தன் சொல்வது தவறு. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் உங்களுடையது. மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே விதிதான். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு விடுப்பு. இரண்டு குழந்தைகள் ஏற்கனவே இருந்தால் 12 வாரம். கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலையை விட்டு நிறுத்தினால் அந்தப் பணத்தையும் கொடுத்து, தண்டனையும் வாங்க வேண்டிவரும்.

26 வாரச் சம்பளத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் மலைப்பது புரிகிறது. இதற்காகத்தான் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்தாலே பதிய வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். ஒழுங்காகக் கட்டிவந்தால் மகப்பேற்றுக் காலச் சம்பளத்தை அவர்களே தருவார்கள். இத்தனை நாள் பதியாமல் விட்டதால் இந்தப் பெண்ணுக்கு அது முழுதாகக் கிடைப்பது சந்தா நாள் கணக்கைப் பொறுத்தது. கிடைக்காத அளவுக்குப் பொறுப்பு முதலாளியுடையது. சேமித்து வைக்கத் தொடங்குங்கள். இப்போதே அவரைச் சட்டிப் பக்கத்திலிருந்து மாற்றி, பேக்கிங்கில் உட்கார்ந்து செய்யும் வேலையைக் கொடுங்கள். இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரைக் கேட்க உள் குழு ஒன்றும் இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேர் உள்ள எந்த இடத்தையும் விடவில்லை.

மகனைப் பெற்ற பதினெட்டாம் நாள் சட்டி முன்னால் நின்றேன் என்று உங்கள் கதையையும் எழுதியிருக்கிறீர்கள். அன்று உங்களுக்கு விடுப்புத் தர ஒருவரும் இல்லை. இந்தப் பெண்ணுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

உப்புத் தண்ணீர் தெளிக்கும் கை

இனி உங்கள் நாலு மணி. மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயில் எப்போது, எவ்வளவு தெளிப்பது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்பட வேண்டிய கைப்பக்குவம்தான். ஆனால் 14 பேர் சாப்பாடு ஒரே கையில் தொங்குவது அந்தக் கைக்கும் நல்லதில்லை, அந்த 14 பேருக்கும் நல்லதில்லை. உங்களோடு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் பெண்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கற்றுக்கொடுங்கள். முதல் மாதம் சில சட்டி கருகும். அந்த நட்டத்தைப் படிப்புச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவருக்குக் கூலியை உயர்த்திக் காலைப் பொறுப்பை ஒப்படையுங்கள். காலையில் நாலு மணிக்குக் கொட்டகை திறக்கும்போது நீங்கள் அங்கே இல்லாத முதல் நாள் உங்களுக்குக் கை கால் ஓடாது. ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தைக் கொடுக்காதீர்கள் என்று சொன்ன நானே பக்குவத்தைக் கொடுக்கச் சொல்கிறேன். பக்குவம் கொடுத்தால் உங்களிடமும் மிஞ்சும். ஆள் வைப்பது, விலை சொல்வது, காசோலை, கடன் இந்த நாலையும் யாருக்கும் விட வேண்டாம். மற்றவற்றில் எதை விட்டாலும் தொழில் உங்களுடையதாகவே இருக்கும்.

இன்னொன்று, வக்கீல் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாலு மணி நேரத் தூக்கமும் நெஞ்சுப் படபடப்பும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள். மனது தாங்காத ராத்திரியில் 14416 என்ற எண்ணில் பேசலாம், செலவில்லை. ஒப்பந்தத்தையும் ஜாமீன் பத்திரத்தையும் படித்துச் சொல்ல வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கடைசியாக, மகள். அவளுடைய பரீட்சைக்காகத் தொழிலையே விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் இருந்ததை வைத்தே ஒரு வருஷக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனி, ஆடியில் குற்றாலம் சாரல், ஆவணியில் ஓணத்து உப்பேரி, கார்த்திகை, மார்கழியில் ஐயப்பமார் கூட்டம். தை முதல் வாரத்தில் மகரவிளக்கு முடிந்து நடை சாத்தியபின் உங்கள் இரண்டு சட்டி ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில், அதாவது உங்கள் வியாபாரம் மந்தமாக இருக்கும் மாசி, பங்குனியில். அந்த இரண்டு மாதமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நீங்கள் கொட்டகைக்குப் போக வேண்டிய அவசியம் இருக்காது. கல்லூரிச் சேர்க்கைதான் சீசன் தொடக்கத்தில் வந்து மோதும். அதற்குள் அந்த இரண்டு பெண்களும் பதம் பழகியிருப்பார்கள்.

பரீட்சை முடியும்வரை, ஆறு மணிக்கு வந்து குளித்து, தலைக்குச் சீயக்காய் போட்டு, அவள் படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் உங்கள் கணக்கு நோட்டோடு உட்காருங்கள். அவள் பாடத்தைப் பார்க்கட்டும், நீங்கள் வரவு செலவைப் பாருங்கள். கூட்டு ஒப்பந்தத்தின் வரைவு வந்ததும் அதையும் அவளையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.